28 சென்ட் சரிவை டியூப் லெவல் வைத்து ப்ளெண்டருக்குள் இறக்கிய கதை

மனை 28 சென்ட். சென்டுக்கு 40.47 சதுர மீட்டர் என்று கணக்குப் போட்டால் 1,133 சதுர மீட்டர் வருகிறது. இலவசமாகக் கிடைக்கும் எஸ்ஆர்டிஎம் உயரத் தரவில் ஒரு கட்டம் நம் பக்கத்து அட்சரேகையில் கிட்டத்தட்ட 31க்கு 30 மீட்டர், அதாவது 930 சதுர மீட்டர் சொச்சம். ஆக, மொத்த மனைக்கும் சேர்த்து ஒரே ஒரு உயர எண், அப்புறம் பக்கத்துக் கட்டத்திலிருந்து கொஞ்சம் மிச்சம். இதை வைத்துக்கொண்டு வீடு சரிவில் எப்படி உட்காரும் என்று நம்பும்படியாகப் படம் போட்டுக் கொடு என்றான் கல்லூரி நண்பன். அவன் ஆர்க்கிடெக்ட், நான் கோவையில் உட்கார்ந்து ப்ளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் கட்டடப் படங்கள் போட்டுப் பிழைப்பவன்.

இடம் கோத்தகிரிக்குப் பக்கத்தில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,800 மீட்டர் உயரம். மேற்கே சாலை, சாலைக்குக் கீழே கருங்கல் தடுப்புச் சுவர், அதிலிருந்து கிழக்கு நோக்கி இறங்கும் பழைய தேயிலை, அடியில் சில்வர் ஓக் வரிசையும் உண்ணிப் புதரும் ஓர் ஓடையும். நல்ல நாளில் கிழக்கே மேட்டுப்பாளையம் பக்கத்துச் சமவெளி வரை தெரியும். டோட்டல் ஸ்டேஷன் என்ற சர்வே கருவியை வைத்து முறையாக சர்வே எடுத்துவிடலாமே என்று முதலிலேயே சொன்னேன். வெறும் படத்துக்கு எதற்கு அவ்வளவு செலவு என்று மனைக்காரர் கேட்டுவிட்டார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, படம் என்றால் எல்லாருக்கும் படம்தான்.

கையில் இருந்தவை: பட்டாவோடு வந்த எஃப்எம்பி வரைபடம் (எல்லையும் நீள அகலமும் இருக்கும், உயரம் மருந்துக்கும் இருக்காது), நண்பன் போனில் எடுத்த நாற்பது புகைப்படங்கள், இணையத்தில் கிடைக்கிற உயரத் தரவுகள். சர்வே ஆஃப் இந்தியாவின் 1:50,000 வரைபடத்தில் கான்டூர் கோடுகள் (ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைப்பவை) 20 மீட்டருக்கு ஒன்று, எங்கள் மனைக்குள் ஒரு கோடுகூட வரவில்லை.

முதல் முயற்சியைச் சோம்பேறித்தனமாகத்தான் செய்தேன், ஒப்புக்கொள்கிறேன். எஸ்ஆர்டிஎம்மை இறக்கி, க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் வெட்டி, வழுவழுப்பாக்கி, ப்ளெண்டரில் போட்டு, மேலே வீட்டை வைத்தேன். அந்தத் தரவின்படி மனையின் மேல் எல்லைக்கும் கீழ் எல்லைக்கும் வித்தியாசம் 5 மீட்டர். படம் அழகாக வந்தது. புல்வெளியில் நிற்கும் பங்களா மாதிரி. ஆனால் நண்பனின் புகைப்படங்களில் ஒன்றில் ஒருவர் கீழே நின்றுகொண்டு மேலே பார்க்கிறார், அவர் கழுத்து வளைந்திருக்கிற விதத்தைப் பார்த்தாலே 5 மீட்டர் கதை இல்லை என்று தெரிந்தது.

ஏன் இப்படி என்று யோசித்தால் காரணம் நேரானது. எஸ்ஆர்டிஎம் என்பது 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்கலம் 11 நாள் சுற்றிவந்து ரேடாரால் எடுத்த அளவு. ரேடார் மண்ணைத் தேடிப் போய்த் தொடுவதில்லை, மரத்தின் தலையில் ஓரளவு பட்டுத் திரும்பிவிடும். எங்கள் மனையின் அடியில் இருப்பதோ இருபது மீட்டர் உயர சில்வர் ஓக். கீழ்ப்பகுதியைத் தரவு தூக்கிக் காட்ட, மேல்பகுதி தேயிலை என்பதால் உள்ளபடி இருக்க, சரிவு தட்டையாகிவிட்டது. போதாக்குறைக்கு அதில் உயரங்கள் முழு மீட்டர் எண்களாகத்தான் இருக்கும், அரை மீட்டர் கால் மீட்டர் எல்லாம் கிடையாது. ஒரு கட்டத்தின் எண் அந்த 930 சதுர மீட்டருக்கான ஒட்டுமொத்த மதிப்பு, அவ்வளவுதான். அதைத் தப்பு என்று சொல்ல முடியாது. மலையைப் பார்க்க எடுத்த அளவில் நான் மனையைத் தேடினேன்.

சரி, போய் அளந்துவிடுவோம் என்று ஒரு சனிக்கிழமை கிளம்பினோம். நண்பன் தனக்குத் தெரிந்த மேஸ்திரி ஒருவரை வரச் சொல்லியிருந்தான். அவர் கொண்டுவந்தது இருபது மீட்டர் டியூப், இரண்டு ரீப்பர் கட்டை, ஒரு தூக்குக்குண்டு. கட்டைகளில் நான் இரண்டு மீட்டருக்கு அளவு நாடாவை ஒட்டினேன், டியூப் தண்ணீரில் கொஞ்சம் சொட்டு நீலம் விட்டோம், மூடுபனியில் தண்ணீர் மட்டம் கண்ணுக்குத் தெரிய வேண்டுமே. சாலையோரக் கல்வெர்ட்டின் மேல்திட்டில் ஒரு மூலையை 100.00 என்று வைத்துக்கொண்டோம். எல்லா உயரமும் அதிலிருந்துதான், கடல் மட்டத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

டியூப் லெவல் தெரியாதவர்களுக்கு: இரண்டு முனையிலும் கட்டையை நிறுத்தி டியூப்பைப் பிடித்தால் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். இரண்டு கட்டையிலும் எந்த அளவில் நிற்கிறது என்று படித்துக் கழித்தால் இரண்டு இடத்துக்கும் உள்ள உயர வித்தியாசம். வீடு கட்டும் இடத்தில் பேஸ்மட்டம் சமமாக இருக்கிறதா என்று பார்க்க இதைத்தான் பயன்படுத்துவார்கள். சரிவில் சிக்கல் என்னவென்றால் கட்டை இரண்டு மீட்டர்தான், வசதியாக ஒன்றரை மீட்டருக்கு மேல் ஒரே தாவலில் இறங்க முடியாது. மேலிருந்து கீழே போக எட்டுத் தாவல் ஆனது. கீழே போய்விட்டு வேறு வழியாக மேலே ஏறிக் கல்வெர்ட்டுக்கே திரும்பிவந்து பார்த்தால் 100.00 வர வேண்டிய இடத்தில் 14 சென்டிமீட்டர் உதைத்தது. மேஸ்திரி டியூப்பை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "நடுவுல குமிழி நிக்குது தம்பி, அதான், தட்டி விடுங்க" என்றார். காலையிலிருந்து எடுத்த அளவெல்லாம் போச்சு. தட்டி, நீவி, குமிழியை வெளியேற்றிவிட்டு மறுபடி முதலிலிருந்து. இந்த முறை சுற்றி வந்ததில் 3 சென்டிமீட்டர் வித்தியாசம், அதை எல்லாத் தாவலுக்கும் பிரித்துக் கொடுத்துவிட்டேன்.

இன்னொரு முட்டாள்தனமும் அன்றே நடந்தது, அது முழுக்க என்னுடையது. நீளத்தை அளக்கும்போது டேப்பைச் சரிவின்மேல் படுக்கவைத்து இழுத்தேன். 43.5 மீட்டர் வந்தது. எஃப்எம்பியில் 42. ஒன்றரை மீட்டரைப் பக்கத்துத் தோட்டக்காரர் விட்டுக்கொடுத்துவிட்டாரா என்று நண்பன் சந்தோஷப்பட்டான். அப்படியெல்லாம் இல்லை. வரைபடத்தில் இருப்பது கிடைமட்ட நீளம், நான் அளந்தது சரிவு நீளம், 15 டிகிரி சரிவில் 42 மீட்டர் படுத்தால் 43.5 ஆகும். பிறகு டேப்பைக் கிடைமட்டமாகப் பிடித்து, முனையில் தூக்குக்குண்டு தொங்கவிட்டு, மூன்று நான்கு மீட்டராகப் படி இறங்குவது போல அளந்தோம். நேரம் தின்றது, ஆனால் எஃப்எம்பியோடு ஒரு சாண் வித்தியாசத்துக்குள் வந்து நின்றது.

ஒன்றரை நாளில் 71 புள்ளிகள். தடுப்புச் சுவரின் அடியிலிருந்து கீழ் எல்லை வரை இறக்கம் 11.4 மீட்டர். தரவு சொன்ன 5 மீட்டர் எங்கே, இது எங்கே. கீழே உண்ணிப் புதர் அடர்ந்த மூலையில் மட்டும் கடைசி ஆறு மீட்டருக்குள் நுழைய முடியவில்லை, உள்ளே கால் வைத்த மேஸ்திரி இரண்டு அட்டைகளோடு வெளியே வந்தார், போதும் என்று விட்டுவிட்டோம்.

புள்ளி எடுக்கும்போது ஐந்து மீட்டருக்கு ஒன்று என்று கட்டம் போட்டுக்கொண்டு போனது பாதி வேலைக்குத்தான் உதவியது. மண் சமமாக இறங்கும் இடத்தில் கட்டம் போதும். ஆனால் பார்ப்பவர் கண் போய் நிற்பது சரிவு சட்டென்று மாறும் இடங்களில்தான்: சாலையின் விளிம்பு, சுவரின் அடி, தேயிலைக்குள் போகும் ஒற்றையடிப் பாதையின் மேல்கரை, ஓடையின் கரை. அந்த இடங்களில் கட்டத்தை மறந்துவிட்டு, விளிம்பின் மேலே ஒரு புள்ளி, கீழே ஒரு புள்ளி என்று ஜோடி ஜோடியாக எடுத்தேன். க்யூஜிஐஎஸ்ஸில் முக்கோண வலையாக இன்டர்போலேட் செய்யும்போது, அதாவது புள்ளிகளுக்கு இடைப்பட்ட உயரங்களைக் கணித்து நிரப்பும்போது, இந்த ஜோடிகளை இணைக்கும் கோடுகளை முறிவுக் கோடுகளாகத் தனியாகக் கொடுக்க வழி இருக்கிறது. கொடுக்காமல் ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன், பாதை முழுக்க மறைந்து ஏதோ மெத்தை மாதிரி ஆகிவிட்டது. தூரத்தை வைத்து எடை போடும் இன்னொரு முறையையும் பார்த்தேன், ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் அம்மைத் தழும்பு போல வட்டம் வட்டமாகக் குழி. நாலு மூலை புள்ளியை வைத்துக்கொண்டு மலை செய்யப் போகிறவர்கள் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

சுவரை மட்டும் உயரத் தரவில் சேர்க்கவே இல்லை. உயரக் கட்டம் என்பது ஒரு இடத்துக்கு ஒரே உயரம், செங்குத்துச் சுவருக்கு அதில் இடமே கிடையாது, ஒரு கட்ட அகலத்துக்காவது சாய்ந்துதான் நிற்கும். அதனால் சாலைத் தரையைச் சுவரின் உச்சியோடு வெட்டி நிறுத்தி, மனைத் தரையைச் சுவரின் அடியோடு வெட்டி, நடுவில் 1.8 மீட்டர் கருங்கல் சுவரைத் தனிப் பொருளாகச் செய்து வைத்தேன்.

இதுவரை மனை மட்டும். அதைச் சுற்றி மலை வேண்டாமா?

சுற்றுப்புறத்தை மூன்று வளையமாகப் பிரித்துக்கொண்டேன். உள் வளையம் மனையும் அதைச் சுற்றிப் பத்து மீட்டரும், கையால் அளந்தது, 25 சென்டிமீட்டர் கட்டம். நடு வளையம் சுமார் 400 மீட்டர் ஆரம், இதற்கு எஸ்ஆர்டிஎம்முக்குப் பதில் கோப்பர்நிக்கஸ் 30 மீட்டர் தரவு. அது 2011 முதல் 2015 வரை டான்டெம்-எக்ஸ் செயற்கைக்கோள்கள் எடுத்ததிலிருந்து செய்தது, உயரங்கள் தசமத்தோடு இருக்கும். இதன் ரேடாரும் மரத்தலையில்தான் படும், சொல்லப்போனால் எஸ்ஆர்டிஎம்மைவிட இன்னும் மேலேயே நின்றுவிடும். ஆனால் இங்கே ஒரு சௌகரியம் இருக்கிறது, சுற்றிலும் நிறையத் தேயிலை. இடுப்பளவுச் செடியின் தலை உயரமும் மண்ணின் உயரமும் நமக்கு ஒன்றுதான். ஆகவே செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து மரத்தோப்புகளைச் சுற்றிக் கோடு போட்டு, அந்தக் கட்டங்களை மட்டும் அழித்துவிட்டு, சுற்றியிருக்கும் தேயிலைப் பரப்பின் உயரத்தை வைத்து நிரப்பினேன். வெளி வளையம் 15 கிலோமீட்டர் வரை, கிழக்கே இறங்கும் மலைமுகடுகளும் சமவெளியும், அதைத் தரவில் இருப்பது போலவே விட்டுவிட்டேன். 15 கிலோமீட்டர் தூரத்தில் பூமியின் வளைவால் ஏற்படும் இறக்கம் 18 மீட்டர்கூட இல்லை, அந்தத் தூரத்தில் யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள்.

உள் வளையத்தையும் நடு வளையத்தையும் ஒட்டவைப்பதில்தான் ஒரு முழு நாள் போனது. என் கணக்கில் கல்வெர்ட் 100.00, கோப்பர்நிக்கஸ் கணக்கில் கடல் மட்டத்திலிருந்து ஆயிரத்து எழுநூற்றுச் சொச்சம். நண்பன், கல்வெர்ட்டின் மேல் போனை வைத்து ஜிபிஎஸ் உயரம் பார்த்து அனுப்பினான். அது வரைபடத்தைவிடத் தொண்ணூறு மீட்டர் குறைவு. போன் பழுது என்றான். போனில் ஒன்றும் இல்லை. அந்தச் செயலி காட்டியது பூமியை வழுவழுப்பான நீள்கோளமாக வைத்துக் கணித்த உயரம். தென்னிந்தியாவில் சராசரிக் கடல் மட்டப் பரப்பு அந்தக் கோளத்துக்குக் கீழே கிட்டத்தட்ட 90 மீட்டர் பள்ளத்தில் இருக்கிறது. உலகிலேயே இந்தப் பள்ளம் மிக ஆழமாக இருப்பது நமக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில், 100 மீட்டருக்கும் மேல். ஆகவே நம் ஊரில் ஜிபிஎஸ் உயரத்தை அப்படியே நம்பி வேறு தரவோடு சேர்ப்பவர்கள் மலையை மடுவில் இறக்கிவிடுவார்கள். நான் அதைத் தொடவில்லை. சாலையில் மரமில்லாத இடமாகப் பார்த்துப் பத்து மீட்டருக்கு ஒன்றாக ஆறு உயரங்கள் ஏற்கெனவே எடுத்திருந்தேன், அந்த ஆறு இடங்களில் கோப்பர்நிக்கஸ் சொல்வதற்கும் என் அளவுக்கும் உள்ள வித்தியாசத்தின் சராசரியை எடுத்து, நடு வளையத்தை மொத்தமாக நகர்த்தினேன். பிறகு மனை எல்லையிலிருந்து 40 மீட்டர் தூரத்துக்குள் என் அளவு மெல்ல மெல்லக் குறைந்து, தரவு மெல்ல மெல்ல ஏறும்படி கலந்தேன். நேர்கோட்டில் கலந்தால் இரண்டு முனையிலும் மடிப்பு தெரிகிறது, எஸ் வடிவ வளைவில் கலந்தால் தெரிவதில்லை.

இனி ப்ளெண்டரில் அடிபட்ட கதை. நடு வளையத்தை உயரப் படமாக ஏற்றுமதி செய்து, அதை வைத்து ஒரு தளத்தை மேலே தூக்கும் வழக்கமான முறைதான். வந்த ரெண்டரை, அதாவது மென்பொருள் தீட்டித் தரும் படத்தை, நண்பனுக்கு அனுப்பினேன். "அட, படிப்படியா வயல் வெட்டின மாதிரி அருமையா வந்திருக்கே மச்சான், இது எங்க இருக்கு?" என்றான். எங்கேயும் இல்லை. படத்தை 8 பிட்டில் ஏற்றுமதி செய்திருந்தேன். 210 மீட்டர் உயர வேறுபாட்டை 255 படிகளாகப் பிரித்தால் ஒரு படி 82 சென்டிமீட்டர், மலை முழுக்கப் படிக்கட்டு. 16 பிட்டுக்கு மாற்றியதும் படிகள் போய்விட்டன, ஆனால் இப்போது மேல்பாதி செங்குத்தாகவும் கீழ்ப்பாதி சப்பையாகவும் இருந்தது. அந்தப் படத்தை ப்ளெண்டர் ஒரு வண்ணப் படம் என்று நினைத்துக்கொண்டு கண்ணுக்கேற்ற வளைவைப் போட்டுவிடுகிறது, நிறமல்லாத தரவு என்று ஒரு அமைப்பை மாற்ற வேண்டும். இதை ஏற்கெனவே வேறொரு வேலையில் பட்டிருக்கிறேன், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மறந்து மறுபடி படுகிறேன்.

மூன்றாவது அடிதான் விசித்திரம். உள் வளையத்தைப் படமாக இல்லாமல் நேரடியாக வலைப்பொருளாகக் கொண்டுவந்திருந்தேன், யுடிஎம் 43 வடக்கு மண்டல ஆயங்களோடு (உலகை மண்டலங்களாகப் பிரித்து, ஓர் இடம் எங்கே என்பதை மீட்டரில் சொல்லும் முறை யுடிஎம், அந்த எண்கள்தான் ஆயங்கள்). காமிராவைக் கிட்டே கொண்டுபோனால் சுவர்க் கற்களெல்லாம் நடுங்கின, நேரான விளிம்புகள் பல்லுப் பல்லாகத் தெரிந்தன. யுடிஎம்மில் நம் இடத்தின் வடக்கு ஆயம் 12 லட்சத்துச் சொச்சம் மீட்டர். ப்ளெண்டர் ஆயங்களை 32 பிட் மிதவைப் புள்ளி எண்களாக வைத்திருக்கிறது, அந்த அளவு பெரிய எண்ணில் அடுத்தடுத்த இரண்டு எண்களுக்கு இடைவெளி 12.5 சென்டிமீட்டர். அதாவது ஒரு கல்லின் மூலை 12.5 சென்டிமீட்டருக்கு ஒரு இடத்தில்தான் உட்கார முடியும், நடுவில் இருக்க அனுமதி இல்லை. கல்வெர்ட்டை ஆதியாக வைத்து எல்லாவற்றிலிருந்தும் அந்த ஆயத்தைக் கழித்ததும் நடுக்கம் நின்றது.

இனி வீடு. நண்பன் தந்த வரைபடத்தில் வீடு ஒரே தளத்தில், சரிவின் திசையில் 14 மீட்டர் ஆழம். பின்பக்கத்துக்கும் முன்பக்கத்துக்கும் தரை வித்தியாசம் ஒன்றரை மீட்டர் இருக்கும் என்று கண்ணால் மதிப்பிட்டு வரைந்திருந்தான். எஸ்ஆர்டிஎம் சரிவை வைத்துப் பார்த்தாலும் 1.7 மீட்டர்தான் வருகிறது, அதனால் முதல் படத்தில் யாருக்கும் உறுத்தவில்லை. அளந்த தரையில் வைத்தேன். மீட்டருக்கு 27 சென்டிமீட்டர் இறங்கும் நிலத்தில் 14 மீட்டருக்கு 3.8 மீட்டர். நடு உயரத்தில் பேஸ்மட்டத்தை வைத்தால் பின்னால் 1.9 மீட்டர் மண்ணை வெட்ட வேண்டும், படுக்கையறை ஜன்னலின் முக்கால்வாசி மண் தெரியும். முன்னால் 1.9 மீட்டர் தூக்கி நிரப்ப வேண்டும், வராந்தாவிலிருந்து தோட்டத்துக்கு இறங்க வரைந்திருந்த மூன்று படிக்குப் பதில் பன்னிரண்டு படி வேண்டும். எந்த அலங்காரமும் இல்லாமல் சாம்பல் நிறத்தில் ஒரு ரெண்டர், கூடவே ஒரு குறுக்குவெட்டு, இரண்டையும் அனுப்பினேன். பத்து நிமிடத்தில் போன் வந்தது. "டேய், இது நெஜமாவா?" நிஜம்தான். அன்று இரவே வீட்டை இரண்டு மட்டமாக உடைத்தான், சமையலறையும் கூடமும் மேலே, படுக்கையறைகள் ஏழு படி கீழே. வெறும் படத்துக்கு எதற்குச் செலவு என்று கேட்ட மனைக்காரர், கட்டும் முன் முறையாக சர்வே எடுக்கச் சம்மதித்ததும் அந்தச் சாம்பல் படத்தைப் பார்த்த பிறகுதான்.

இடம் நம்பும்படி இருக்க வேண்டுமென்றால் பின்னணி மலைமுகடும் சரியாக இருக்க வேண்டும், அந்த ஊர்க்காரர்கள் தினமும் பார்க்கிற கோடு அது. நண்பனின் புகைப்படம் ஒன்றை எடுத்து அதே இடத்தில் காமிராவை வைத்து முகட்டுக் கோட்டை ஒப்பிட்டேன். போன் சொன்ன குவியத் தொலைவு, 35 மிமீ ஃபிலிம் காமிராவுக்குச் சமமாக மாற்றிச் சொல்லும் கணக்கில், 26 மிமீ. அதை அப்படியே 36 மிமீ சென்சார் அகலத்தோடு போட்டால் படம் கொஞ்சம் அகன்றுவிடும், ஏனென்றால் அந்தச் சமன்பாடு மூலைவிட்டத்தை வைத்துச் சொல்வது, போன் படமோ 4:3. அகலத்தை 34.6 என்று மாற்றியதும் அளவு பொருந்தியது. ஆனால் கோடு பக்கவாட்டில் 6 டிகிரி தள்ளி நின்றது. தரவில் தப்பா, யுடிஎம்மில் வடக்கு சாய்ந்திருக்கிறதா என்று ஒரு மாலை முழுக்கத் தேடினேன், யுடிஎம் சாய்வு இங்கே அரை டிகிரிகூட இல்லை. கடைசியில் பார்த்தால் எஃப்எம்பியைத் திசைப்படுத்த நான் போன் காம்பஸை வைத்துப் பார்த்தது இரும்புக் கேட்டின் மேல். மனையையே 6 டிகிரி திருப்பி வைத்திருக்கிறேன். கேட்டை மறந்துவிட்டு, தூரத்து முகடு பொருந்தும் வரை மனையைத் திருப்பினேன். முப்பது மீட்டர் கட்டத் தரவால் மனைக்கு உயரம் சொல்ல முடியவில்லை, ஆனால் பத்து கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் முகட்டை அச்சு அசலாகத் தந்து வடக்கைக் காட்டிக்கொடுத்தது.

திசை சரியானதும் வெயிலும் மாறியது. இந்த அட்சரேகையில் ஏப்ரல் மூன்றாம் வாரத்திலிருந்து ஆகஸ்ட் நான்காம் வாரம் வரை உச்சிவெயில் வடக்குப் பக்கத்திலிருந்து விழும். நண்பன் மே மாத நண்பகல் என்று கேட்டுவிட்டுத் தெற்குச் சுவரில் வெயில் கேட்டான். தரமாட்டேன் என்றேன். டிசம்பர் என்று மாற்றிக்கொண்டோம், நண்பகலில் தெற்கே 55 டிகிரி உயரத்தில் சூரியன், நல்ல நிழல்.

தேயிலைக்கு ஒரு குறுக்குவழி கிடைத்தது, இதை மட்டும் கொஞ்சம் பெருமையாகவே சொல்கிறேன். செடிகளைப் பரப்பின்மேல் எழுந்தமானமாகத் தூவினால் புதர்க்காடு மாதிரி இருக்கும், தேயிலை மாதிரி இருக்காது. வரிசை வேண்டும். வரிசைகளுக்கு நடுவே கிடைமட்டத்தில் 1.2 மீட்டர் என்று அங்கேயே அளந்திருந்தேன். 27 சதவீதச் சரிவில் 1.2 மீட்டருக்கு இறக்கம் 32 சென்டிமீட்டர். ஆகவே க்யூஜிஐஎஸ்ஸில் 32 சென்டிமீட்டர் இடைவெளியில் கான்டூர் எடுத்து, அந்தக் கோடுகளையே ப்ளெண்டருக்குள் கொண்டுவந்து, 75 சென்டிமீட்டருக்கு ஒரு செடி என்று நட்டுவிட்டேன். சரிவைக் கட்டித் தழுவும் வரிசைகள், நாலே நிமிடத்தில். அடுத்த முறை போனபோது லேப்டாப்பில் படத்தைப் பக்கத்துத் தோட்டத்து அம்மா ஒருவரிடம் காட்டினேன். நல்லாருக்கு தம்பி என்று சொல்லிவிட்டு, இடது பக்கத்தில் விரலை வைத்து, "ஆனா இங்க இப்படிப் போகாது, இது எங்க மாமனார் காலத்துல விதை போட்டு வெச்ச செடி, மேல இருந்து கீழ நேரா வரிசை இருக்கும்" என்றார். திரும்பிப் பார்த்தேன். நேராகத்தான் இருந்தது. ஒன்றரை நாள் அதற்குள்ளேயே அளந்துகொண்டு திரிந்தும் கவனிக்கவில்லை. அந்தப் பகுதியை அழித்து நேர்வரிசையாக மாற்றினேன், இடையிடையே செத்துப்போன செடிகளுக்கான காலியிடங்களும் விட்டேன்.

தூரத்து மலைகளுக்கு நிறம் கொடுக்க சென்டினல்-2 செயற்கைக்கோள் படம் போதுமானது, 10 மீட்டர் பிக்சல், இலவசம். மாதத்தை மட்டும் பார்த்து எடுக்க வேண்டும், கோத்தகிரிப் பக்கம் வடகிழக்குப் பருவமழை கொட்டும் இடம், நவம்பர் படங்களில் மேகம்தான் இருக்கும், ஜனவரிக்குப் பிறகு தேடினால் கிடைக்கும். கிட்டத்துத் தரைக்கு அது உதவாது. அங்கே எடுத்துவந்த செம்மண் படங்கள், சுவரின் அடியில் பாசி, கற்களுக்கு இடையில் நீர் வடிந்த கறை, மண்ணும் சுவரும் சேரும் இடத்தில் புல் கொத்து, இதெல்லாம் கையால் வைத்தது. அந்தச் சேரும் கோடு கத்தியால் வெட்டினது போல இருந்தால் மற்றதெல்லாம் எவ்வளவு சரியாக இருந்தும் பொம்மை வீடாகத்தான் தெரிகிறது.

இறுதிப் படங்கள் போன வாரம் போய்ச் சேர்ந்தன. மனைக்காரர் முகட்டைப் பார்த்ததும் இடத்தை அடையாளம் கண்டுகொண்டாராம். மேஸ்திரி மட்டும் கீழ் மூலையைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, இங்கே ஏன் இவ்வளவு மூடுபனி என்று நண்பனிடம் கேட்டிருக்கிறார். அட்டை ஏறினவருக்குத் தெரியாதா என்ன. அந்த ஆறு மீட்டரில்தான் எங்களிடம் அளவே இல்லை.